துறைமுகத்துக் குமாஸ்தாவும் கன்ஃபார்மல் ஃபீல்டு தியரியும்

(ஒலிவடிவில் வெளியான பேச்சின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

 

போன வாரம் திருவொற்றியூரிலிருந்து ஒரு தங்கச்சி மெயில் போட்டிருந்தாங்க. எம்.எஸ்சி. இயற்பியல், கடைசி வருஷம். புராஜெக்ட் தலைப்பு ஃபேஸ் டிரான்சிஷன், அதாவது நிலைமாற்றம். அவங்க கைடு, "இதுக்கு நீ கன்ஃபார்மல் ஃபீல்டு தியரி படிக்கணும்மா"ன்னு சொல்லி, 900 பக்கத்தை நெருங்குற ஒரு மஞ்சள் அட்டைப் புத்தகத்தின் பேரைக் கொடுத்துவிட்டுப் போயிட்டாராம். மெயிலின் கடைசியில் இப்படி எழுதியிருந்தாங்க: "அக்கா, ரெண்டு மாசமா உருப்படியா நாற்பது பக்கம் தாண்டல. குவான்டம் ஃபீல்டு தியரி, ஸ்டிரிங் தியரி எல்லாம் தெரிஞ்சாத்தான் இதைத் தொடலாமா? எங்க ஏரியால கேட்கவும் ஆள் இல்ல. விட்டுடலாமான்னு இருக்கு."

விட்டுடாதீங்க. இன்னிக்கு முழுக்க அதுக்கான பதில்தான்.

முதல்ல ஒரு விஷயத்தை ஒத்துக்கிறேன். நானும் இதே புத்தகத்தைத் திறந்து, இதே மாதிரி மூடிவச்சவள். மூடிவச்சது ரெண்டு மாசம் இல்ல, மூணு வருஷம். அந்த மூணு வருஷமும் மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கணக்கு எழுதிட்டு இருந்தேன். எந்தப் பெட்டி உள்ளே வந்தது, எது வெளியே போனது, எத்தனை நாள் வாடகை. நான் விட்டதுக்குக் காரணம் புத்தகம் கஷ்டம்ங்கிறது மட்டும் கிடையாது. "இது நமக்கு இல்ல"ன்னு மனசுக்குள்ள ஒரு முடிவு ஏற்கெனவே இருந்தது. அந்த முடிவை உடைச்சது, நான் வேலை பார்த்த இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் நூறு வருஷத்துக்கு முன்னாடி கணக்கு எழுதின இன்னொரு குமாஸ்தா. அவர்கிட்ட வர்றதுக்கு முன்னாடி, இந்தத் தியரி எதுக்குன்னு பார்த்துடலாம்.

இரும்பு எப்போ காந்தத்தை மறக்கும்?

நம்ம ஏரியாவில் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஓர் இரும்பு ஆணியைச் சாதாரணமாகக் காந்தத்துக்கிட்ட கொண்டுபோனா ஒட்டும். அதையே நல்லாச் சிவக்கக் காய்ச்சிக் கொண்டுபோனா ஒட்டாது. ஏறக்குறைய 770 டிகிரி செல்சியஸில் இரும்பு தன் காந்தக் குணத்தை இழக்கும். கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுக்கிட்டே வந்து, அந்த ஒரு வெப்பநிலையில் காணாமலே போயிடும். அந்த இடத்துக்குப் பேர்தான் மாறுநிலைப் புள்ளி.

இதைப் புரிஞ்சுக்க ஒரு பொம்மைக் கணக்கு உண்டு: ஐசிங் மாடல். ஒரு பெரிய கட்டம் போட்ட தாளை நினைச்சுக்குங்க. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் அம்புக்குறி, மேலே பார்க்கும் இல்லன்னா கீழே பார்க்கும். பக்கத்துக் கட்டத்தோட ஒத்துப்போகணும்னு ஒவ்வொன்றுக்கும் ஆசை. வெப்பம் அதைக் கலைச்சுவிடும். குளிரில் ஊர் முழுக்க ஒரே பக்கம். சூட்டில் ஆளுக்கொரு பக்கம். சரியா அந்த மாறுநிலைப் புள்ளியில்? மேல்நோக்கிய அம்புகளின் பெரிய தீவுகள், அந்தத் தீவுக்குள்ள கீழ்நோக்கிய குளங்கள், அந்தக் குளத்துக்குள்ள மறுபடியும் குட்டித் தீவுகள். போட்டோ எடுத்து ஜூம் பண்ணா, ஜூம் பண்ணினோமா இல்லையான்னே தெரியாது. அந்தப் படத்துக்கு அளவுகோல் கிடையாது.

இருபரிமாண ஐசிங் மாடலை 1944-இல் லார்ஸ் ஆன்சாகர் துல்லியமாகத் தீர்த்தார். மாறுநிலைப் புள்ளியில் ரெண்டு அம்புகளுக்கு இடையிலான தொடர்பு எப்படிக் குறையுது தெரியுமா? தூரத்தின் நான்காம் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில். அதாவது தூரத்தை 16 மடங்கு ஆக்கினால்தான் தொடர்பு பாதியாகும். இந்த "நாலில் ஒன்று" என்ற எண் எங்கிருந்து வருது? ஆன்சாகர் வழியில் போனால் பக்கம் பக்கமாகக் கணக்கு. வேற மாடல் எடுத்தா, மறுபடியும் முதலிலிருந்து. இப்படி ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியா மல்லுக்கட்டாம, எல்லாத்துக்கும் சேர்த்து அந்த எண்களைத் தர்ற ஒரு வழிதான் நம்ம கன்ஃபார்மல் ஃபீல்டு தியரி.

சித்தப்பா வீட்டு மேப்

"கன்ஃபார்மல்"னா என்ன? காசிமேட்டில் எங்க சித்தப்பா வீட்டுச் சுவரில் ஒரு பழைய உலகக் கடல் வரைபடம் மாட்டியிருக்கும். அவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்த்தவர். சின்ன வயசில் நான் கேட்டிருக்கேன்: "சித்தப்பா, கிரீன்லாந்து ஏன் ஆப்பிரிக்கா அளவுக்குப் பெருசா இருக்கு?" அவர் சொன்னது: "அளவெல்லாம் பொய்டா கண்ணு. திசை மட்டும் நிஜம். கப்பலுக்குத் திசைதானே வேணும்?"

அந்த ஒரு வரியில் பாதி பாடம் இருக்கு. அது மெர்காட்டர் 1569-இல் வெளியிட்ட முறையில் வரைஞ்ச மேப். நிலநடுக்கோட்டை விட்டுத் தள்ளிப்போகப் போக எல்லாம் பெரிதாகும். சென்னைகிட்ட நீளம் சுமார் 1.03 மடங்கு, லண்டன்கிட்ட 1.6 மடங்கு. ஆனா எந்த இடத்திலும் கோணம் மாறாது. ரெண்டு கோடு நிஜத்தில் 30 டிகிரியில் வெட்டிக்கிட்டா மேப்பிலும் 30 டிகிரிதான். இப்படி இடத்துக்கு இடம் வேற வேற அளவில் இழுத்து, ஆனா கோணத்தைக் காப்பாத்துற மாற்றம்தான் கன்ஃபார்மல் மாற்றம்.

இப்போ சேர்த்துப் பாருங்க. மாறுநிலைப் புள்ளியில் படத்துக்கு அளவுகோல் இல்லை, மொத்தப் படத்தையும் பெருசாக்கினா வித்தியாசம் தெரியாதுன்னு சொன்னோம். அப்போ இடத்துக்கு இடம் கொஞ்சம் வேற வேற மாதிரி பெருசாக்கினாலும், கோணம் கெடாத வரைக்கும், வித்தியாசம் தெரியக்கூடாதுதானே? இந்தக் கேள்வியை 1970-இல் எழுப்பியவர் அலெக்சாண்டர் போலியகோவ். 1984-இல் அவரும் பெலாவின், ஜமாலோட்சிகோவ் ஆகியோரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினாங்க. மூணு பரிமாணத்தில் இந்த மாதிரி மாற்றங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய வகைகள்தான். ரெண்டு பரிமாணத்தில் முடிவே இல்லாத அளவுக்கு இருக்கு. விதிகள் அவ்வளவு கூடினதும், தியரிக்குத் தன்னிஷ்டத்துக்கு இருக்க இடமில்லாம போயிடுது. மாறுநிலை எண்கள் தானா வந்து விழுது.

அந்தத் தியரிகளை அடையாளம் காட்டுற ஓர் எண் இருக்கு: சென்ட்ரல் சார்ஜ். இனிமே "சி"ன்னு சொல்றேன். பேரைப் பார்த்து மின்சாரம்னு நினைச்சுக்காதீங்க. ஓர் அகலமான தாளைச் சுருட்டிக் குழாய் ஆக்கினா அதோட ஆற்றல் எவ்வளவு மாறுதுன்னு சொல்ற எண் அது. ஐசிங் மாடலுக்கு சி அரை. 1984-இலேயே ஃப்ரீடான், சியூ, ஷெங்கர் மூவரும் காட்டினது இது: சி ஒன்றுக்குக் கீழே இருந்தா, நிகழ்தகவுகள் ஒழுங்கா இருக்கும் தியரிகளில், அது எந்த எண்ணாகவும் இருந்துவிட முடியாது. அரை, பத்தில் ஏழு, ஐந்தில் நாலு, ஏழில் ஆறுன்னு ஒரு வரிசை. ரேஷன் கடை அளவு மாதிரி, நடுவில் எதுவும் கிடைக்காது.

மாதம் 30 ரூபாய்

இப்போ நம்ம குமாஸ்தா. கும்மிடிப்பூண்டி லைனில் பீச் ஸ்டேஷன் வந்து இறங்கினா ராஜாஜி சாலை, துறைமுகம். 1912 மார்ச் 1 அன்று அங்கே மெட்ராஸ் போர்ட் டிரஸ்டின் கணக்குப் பிரிவில் ஒருத்தர் வேலைக்குச் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய் சம்பளம். பேர் சீனிவாச ராமானுஜன். கல்லூரித் தேர்வில் தோற்றவர். அடுத்த வருஷம் ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினப்ப, தன்னை அறிமுகப்படுத்திக்கிட்டதே போர்ட் டிரஸ்ட் குமாஸ்தான்னுதான்.

1918-இல் அவரும் ஹார்டியும் ஓர் எண்ணும் கணக்கைத் தீர்த்தாங்க. கன்டெய்னர் யார்டு பாஷையில் சொல்றேன். உங்ககிட்ட ஒரே மாதிரி 4 பெட்டி இருக்கு. எத்தனை விதமா அடுக்கலாம்? நாலும் ஒரே அடுக்கு; மூணும் ஒண்ணும்; ரெண்டும் ரெண்டும்; ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு; நாலும் தனித்தனி. மொத்தம் 5 விதம். எந்த அடுக்கு எங்கே இருக்குன்னு பார்க்கக் கூடாது, உயரம் மட்டும் கணக்கு. 10 பெட்டிக்கு 42 விதம். 100 பெட்டிக்கு 19,05,69,292 விதம். இதுக்குப் பேர் எண் பிரிவினை.

ஒவ்வொன்றா எண்ணாம, பெரிய எண்ணுக்கு நேரடியா விடை சொல்ல முடியுமா? ஹார்டியும் ராமானுஜனும் கொடுத்த விடையின் முதல் உறுப்பில் மையமா இருக்கிறது இது: பெட்டி எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கு எடுத்து, அதோட வர்க்கமூலத்தை பையால் பெருக்கி, வர்றதை எக்ஸ்பொனென்ஷியலின் அடுக்காகப் போடு. 100-க்கு அந்த முதல் உறுப்பை மட்டும் போட்டாலே கிட்டத்தட்ட 19 கோடியே 93 லட்சம் வருது. உண்மை விடையிலிருந்து நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான பிழை. அடுத்தடுத்த உறுப்புகளைச் சேர்க்கச் சேர்க்கப் பிழை கரைஞ்சுபோகும்.

இதுக்கும் இயற்பியலுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு கிதார் கம்பியை எடுத்துக்குங்க. அது 1, 2, 3, 4-ன்னு முழு எண் மடங்கு அதிர்வுகளில் ஆடும். மொத்த ஆற்றல் 4 அலகுன்னா, அதை அதிர்வுகளுக்கு எத்தனை விதமா பங்கு போடலாம்? நாலாவது அதிர்வுக்கு ஒரு முறை. மூணாவதுக்கும் முதலாவதுக்கும் ஒவ்வொரு முறை... பெட்டி அடுக்கின அதே 5 விதம்! குவான்டம் கம்பி ஒன்றில் ஒரே திசையில் ஓடும் அலைகளை எடுத்துக்கிட்டா, அதுதான் சி ஒன்றாக இருக்கிற எளிமையான கன்ஃபார்மல் தியரி. அதோட நிலைகளை எண்ணினா ராமானுஜன் எண்ணின பிரிவினைதான் வரும்.

1986-இல் ஜான் கார்டி இதைப் பொதுவாக்கினார். எந்தத் தியரியா இருந்தாலும், உயர்ந்த ஆற்றலில் எத்தனை நிலைகள் இருக்குன்னு அதன் சி-யை வச்சே சொல்லிடலாம்: சி-யை ஆற்றலால் பெருக்கி, ஆறால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, ரெண்டு பையால் பெருக்கி, எக்ஸ்பொனென்ஷியலின் அடுக்காகப் போடு. இதில் சி-க்கு ஒன்று போட்டுப் பாருங்க. ரெண்டு பையில் இருக்கிற ரெண்டை வர்க்கமூலத்துக்குள்ள தள்ளினா நாலு வரும், நாலை ஆறால் வகுத்தா மூன்றில் இரண்டு. ராமானுஜனும் ஹார்டியும் எழுதின அதே அடுக்கு! இதை முதல் தடவை பேப்பரில் போட்டுப் பார்த்த அன்னிக்கு நான் டிரெயினில் வ.உ.சி. நகர் தாண்டிட்டேன், இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டுட்டேன்.

ஒரு சீட் விட்டு ஒரு சீட்

இன்னொரு கதையும் இருக்கு, அது நேரா ஸ்டாட்டிஸ்டிகல் மெக்கானிக்ஸ் கதை. கொரோனா காலத்தில் தியேட்டரில் ஒரு சீட் விட்டு ஒரு சீட் உட்கார வச்சாங்க, ஞாபகம் இருக்கா? அதையே இயற்பியலில் செஞ்சு பாருங்க. முக்கோணங்களால் ஆன வலைப்பின்னல், ஒவ்வொரு முனையிலும் ஒரு துகள் உட்காரலாம், ஆனா பக்கத்துப் பக்கத்து முனையில் ரெண்டு துகள் இருக்கக் கூடாது. கூட்டம் குறைவா இருந்தா இஷ்டத்துக்கு உட்காரும், அது திரவம். கூட்டத்தை நெருக்கினா, ஒரு கட்டத்தில் எல்லாம் ஒரே ஒழுங்குக்கு வந்துடும், அது படிகம். இதுக்குப் பேர் ஹார்டு ஹெக்சகன் மாடல். 1980-இல் ஆஸ்திரேலியாவின் ராட்னி பாக்ஸ்டர் இதைத் துல்லியமாகத் தீர்த்தார்.

அவர் வழியில் இந்தப் பெரிய வலைப்பின்னல் சுருங்கிச் சுருங்கி ஒரே வரிசை சீட்டா ஆயிடுது. சீட்டுகளுக்கு 1, 2, 3-ன்னு நம்பர். அடுத்தடுத்த சீட்டில் ஆள் கூடாது. உட்கார்ந்தவங்க சீட் நம்பர்களின் கூட்டுத்தொகை 9 வரணும். எத்தனை விதம்? 9 மட்டும், 8, 1, 7, 2, 6, 3, 5, 3, 1. மொத்தம் 5.

இப்போ வேற ஒரு கேள்வி. 1, 4, 6, 9, 11, 14-ன்னு ஐந்தால் வகுத்தா 1 அல்லது 4 மிச்சம் வர்ற எண்களை மட்டும் வச்சு, எத்தனை தடவை வேணும்னாலும் போட்டு, 9-ஐ எத்தனை விதமா கூட்டலாம்? 9, 6 கூட மூணு 1, ரெண்டு 4 கூட ஒரு 1, ஒரு 4 கூட ஐந்து 1, ஒன்பது 1. இதுவும் 5! எந்த எண்ணை எடுத்தாலும் ரெண்டு விடையும் சமமாத்தான் வரும். இதுதான் ரோஜர்ஸ்–ராமானுஜன் முற்றொருமை. 1894-இலேயே ரோஜர்ஸ் நிரூபிச்சிருந்தார், யாரும் கவனிக்கல. ராமானுஜன் இந்தியாவில் இருக்கும்போதே தானாகக் கண்டுபிடிச்சார், நிரூபணம் கையில் இல்லாம. 1917-இல் பழைய பத்திரிகை ஒன்றைப் புரட்டினப்பதான் ரோஜர்ஸின் கட்டுரை அவர் கண்ணில் பட்டது.

பாக்ஸ்டருக்கு இது ஏன் உயிர்? சீட் கணக்கு கூட்டல் வடிவத்தில் இருக்கு. அதை வச்சு மாறுநிலைப் புள்ளிக்குப் பக்கத்தில் என்ன நடக்குதுன்னு பார்க்க முடியாது. ராமானுஜனோட மறுபக்கம் அதைப் பெருக்கல் வடிவமா மாத்திக் கொடுக்குது. பெருக்கலை உள்ளே திறந்து பார்க்கலாம். துகளை உள்ளே தள்ளும் வலுவைக் குறிக்கிற எண் எங்கே மாறுநிலையைத் தொடுதுன்னா, 11-உம் ஐந்து தடவை வர்க்கமூலம் ஐந்தும் சேர்த்து ரெண்டால் வகுத்த இடத்தில். சுமார் 11.09. அது பொன்விகிதத்தின் ஐந்தாம் அடுக்கு! அந்தப் புள்ளியில் இந்த மாடலின் சி எவ்வளவு தெரியுமா? ஐந்தில் நாலு. நம்ம ரேஷன் அளவு வரிசையில் மூணாவது எண்.

சரி, எங்கிருந்து தொடங்குறது?

தங்கச்சிக்கும், இதே கேள்வி இருக்கிற மத்தவங்களுக்கும் என் யோசனை இது. மஞ்சள் புத்தகத்தை இப்போதைக்கு அலமாரியில் வைங்க, தூக்கிப் போட வேண்டாம். ஸ்டிரிங் தியரி தேவையே இல்லை. உங்களுக்கு வேண்டியது ஒரு கணக்கு, கையில் போடக்கூடிய கணக்கு.

ஒரு லேப்டாப் போதும், ஸ்கூலில் அரசு கொடுத்த பழைய லேப்டாப்பே போதும். ஐசிங் மாடலை ஒரு குழாய் மேல ஓட்டுங்க. சுற்றளவில் 4 கட்டம், அப்புறம் 6, 8, 10. ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குப் போற டிரான்ஸ்ஃபர் மேட்ரிக்ஸ் எழுதுங்க. 10 கட்டத்துக்கு அது 1024-க்கு 1024, பைத்தான் நொடியில் முடிச்சிடும். இணைப்பு வலுவை மாறுநிலை மதிப்பான 0.4407-இல் வைங்க. மிகப் பெரிய ஐகன் மதிப்பின் லாகரிதத்தைச் சுற்றளவால் வகுத்து, சுற்றளவு வர்க்கத்தின் தலைகீழுக்கு எதிராக கிராஃப் போடுங்க. கிட்டத்தட்ட நேர்கோடு வரும். அந்தக் கோடு அச்சைத் தொடும் இடம் 0.9297, அது ஆன்சாகரின் விடை. கோட்டின் சாய்வு 0.26 சொச்சம். அதை ஆறால் பெருக்கி பையால் வகுங்க. அரை வரும். அதுதான் சி! 1986-இல் இந்தத் தொடர்பைக் கண்டு சொன்னவங்க ஒரு பக்கம் புளோட்டே, கார்டி, நைட்டிங்கேல். இன்னொரு பக்கம் தனியா அஃப்லெக்.

அடுத்து, ரெண்டாவது பெரிய ஐகன் மதிப்பையும் எடுங்க. முதலாவதை அதால் வகுத்து, லாகரிதம் எடுத்து, சுற்றளவால் பெருக்குங்க. 0.785-க்குப் பக்கத்தில், அதாவது பையில் நாலில் ஒரு பங்கு வரும். அந்த நாலில் ஒன்று, ஆரம்பத்தில் சொன்ன நான்காம் வர்க்கமூலத்தில் இருந்த அதே நாலில் ஒன்று. விரிஞ்ச தாளில் இருந்த விதி, குழாய்க்கு வந்ததும் இப்படி உருமாறுது. தாளைக் குழாயாக்குற அந்த மாற்றம் லாகரிதம். உலக உருண்டையைச் சுருள் தாளுக்குக் கொண்டுவந்த சித்தப்பாவின் மேப்புக்கு அது நெருங்கிய சொந்தம்.

இதைச் செஞ்சு முடிச்ச கையோட ஜான் கார்டி 2008-இல் நடத்தின லெ ஹூஷ் கோடைப்பள்ளி விரிவுரைகளைப் படிங்க. தலைப்பே கன்ஃபார்மல் ஃபீல்டு தியரியும் ஸ்டாட்டிஸ்டிகல் மெக்கானிக்ஸும்தான். சின்னது, ஆர்க்கைவ் தளத்தில் இலவசம். பிறகு பால் கின்ஸ்பார்க்கின் 1988 விரிவுரைகள், அதுவும் அங்கேயே இருக்கு. ஆர்க்கைவைத் தொடங்கினவரே அவர்தான். அதுக்கு அப்புறம் மஞ்சள் புத்தகத்தைத் திறந்தீங்கன்னா, அதில் பாதி தெரிஞ்ச முகமா இருக்கும்.

நான் செஞ்ச தப்பையும் சொல்லிடுறேன். முதல் தடவை நான் குழாயை எடுக்கல. ரெண்டு ஓரமும் திறந்த பட்டையை எடுத்தேன். விளிம்புக்குன்னு தனியா ஓர் ஆற்றல் உண்டு, அது அகலத்தின் தலைகீழா வரும், நான் தேடினதைவிடப் பெருசு. அதைக் கழிக்காம சி-யைத் தேடினா என்ன கிடைக்கும்? ஒவ்வொரு அகலத்துக்கும் ஒவ்வொரு விடை. ஒரு வாரம் கோடைத் திருத்தித் திருத்தி அழுதேன். ஒரு சீனியர் அக்கா பார்த்துட்டு, "ஓரத்தை ஒட்டுனியாடி?"ன்னு கேட்டாங்க. ரெண்டு நிமிஷம். அவ்வளவுதான்.

நடுவில் பத்து வரி

அதனாலதான் ராமானுஜன் கதையில் நமக்குச் சொல்லாம விடற பகுதியைச் சொல்லணும்னு நினைக்கிறேன். தனியா உட்கார்ந்து தெய்வ அருளால் எழுதினார்ங்கிற கதை எல்லாருக்கும் தெரியும். ஆனா அவருக்குப் பண உதவி செஞ்சவர் நெல்லூர் கலெக்டரா இருந்த ராமச்சந்திர ராவ். வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தவர் பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட். போர்ட் டிரஸ்டின் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஓர் இன்ஜினியர், ஆதரவா நின்னார். ஆபீஸில் அவருக்கு மேலே இருந்த நாராயண ஐயர் கணிதம் படித்தவர், சாயங்காலம் ரெண்டு பேரும் ஸ்லேட்டும் கையுமா உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்காங்க. கதவு திறக்கக்கூடிய ஆட்களுக்கு அவரைத் தெரிஞ்சிருந்தது. அதுக்கு அவர் பிறந்த சமூகமும் ஒரு காரணம். அதை மறைக்க வேண்டியதில்லை. மெயில் போட்ட தங்கச்சி "கேட்க ஆள் இல்ல"ன்னு எழுதினது இந்த இடத்தில்தான் எனக்கு வலிச்சது. துறைமுகம் நம்ம வாசலில் இருக்கு. அந்தக் கதவு நம்ம பக்கம் திறக்கல.

நாராயண ஐயரைப் பத்தி ஒரு கதை சொல்வாங்க. ராமானுஜன் எழுதுறது அவருக்கே புரியாதாம். உன் ரெண்டு வரிக்கு நடுவில் எனக்காகப் பத்து வரி எழுதுன்னு கேட்பாராம். எனக்கே புரியலன்னா மத்தவங்களுக்கு எப்படிப் புரியும்ங்கிறது அவரோட கவலை. இந்தத் துறையைக் கத்துக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. புத்தகத்தில் ரெண்டு வரிக்கு நடுவில் "எளிதில் காணலாம்"னு போட்டிருக்கும். உங்களுக்கு எளிதில் தெரியலன்னா உங்ககிட்ட குறையில்லை, அங்கே பத்து வரி காணோம். அதை நீங்க எழுதுங்க. எழுதினதை இன்னொருத்தருக்குக் காட்டுங்க.

காட்ட ஆள் இருக்காங்களா? நம்ம பக்கத்திலேயே ஒருத்தர் அந்த வேலையை வாழ்நாள் முழுக்கச் செஞ்சிருக்கார். முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணக்கு வாத்தியாரா இருந்த பி.கே. சீனிவாசன். ராமானுஜனின் கடிதங்களையும் நினைவுகளையும் தேடிச் சேர்த்து 1968-இல் ரெண்டு தொகுதி கொண்டுவந்தார். ராயபுரத்தில் 1993-இல் ராமானுஜன் பேரில் ஓர் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் உருவாகக் காரணமா இருந்தார். 2005-இல் காலமானார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர், ராயபுரத்துச் சந்துக்குள்ள.

ஊருக்கு அந்தப் பக்கம் தரமணியில் 1962-இல் தொடங்கின கணித அறிவியல் நிறுவனம் இருக்கு. அங்கே இருக்கிறவங்களுக்கும் மெயில் போடலாம். "எனக்குக் கற்றுக்கொடுங்க"ன்னு எழுதாதீங்க. உங்க கிராஃபை அனுப்பி, "எனக்கு சி 0.48 வருது, எங்கே தப்பு?"ன்னு கேளுங்க. குறிப்பான கேள்விக்குப் பதில் வர வாய்ப்பு அதிகம். ராமானுஜனும் ஹார்டிக்கு அனுப்பினது விண்ணப்பம் மட்டுமில்ல, பக்கம் பக்கமா விடைகள்.

அதனால, தங்கச்சி, உங்களுக்கு வீட்டுப்பாடம். இந்த வாரம் 4, 6, 8, 10. கிராஃபைப் போட்டு அனுப்புங்க. ஓரத்தை ஒட்ட மறக்காதீங்க. சனிக்கிழமை சாயங்காலம் நான் திருவொற்றியூர் வர்றேன், அம்மாவுக்குக் கோயிலுக்குப் போகணுமாம். ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம். இதே மாதிரி தனியா மாட்டிக்கிட்டு இருக்கிற வேற யாராவது கேட்டுட்டு இருந்தா, நீங்களும் வாங்க. நோட்டு கொண்டு வாங்க, ரெண்டு வரிக்கு நடுவில் இடம் விட்டு எழுதின நோட்டு.

அடுத்த வாரம் பார்ப்போம்.